யூலின் ஒரு ஷாட் மட்டும் இல்லை

ஐரோப்பியக் கூடைப்பந்து கிளப்புகளின் போட்டியான யூரோலீக்கின் 2022-23 சீசனை ரியல் மாட்ரிட் அதிர்ஷ்டத்தில் வென்றது என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. லிதுவேனியாவின் கௌனாஸில் ஒலிம்பியாகோஸுக்கு எதிரான இறுதிப்போட்டியில் 79-78, ஒரே புள்ளி வித்தியாசம், சரி. ஆனால் அந்தக் கோப்பைக்கான வேலை அதற்கு முன்பே செர்பிய அணியான பார்டிசானுக்கு எதிரான காலிறுதியில், மூன்று வெற்றி தேவைப்படும் பிளே-ஆஃப் தொடரில், நடந்துவிட்டது. சொந்த ஊரில் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. இரண்டாவது ஆட்டம் கைகலப்பில் முடிந்தது, மாட்ரிட் வீரர் யபுசேலேவுக்குத் தடை. அப்புறம் பார்டிசானின் ஊரான பெல்கிரேடில், அந்தக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, பயிற்சியாளர் ஒப்ராடோவிச்சின் அணியை இரண்டு முறை வீழ்த்தி, ஐந்தாவது ஆட்டத்தில் 18 புள்ளி பின்தங்கியும் ஜெயித்தார்கள். யூரோலீக் பிளே-ஆஃபில் 0-2 என்ற நிலையிலிருந்து அதுவரை எந்த அணியும் மீண்டதில்லை.

அந்தக் கடைசி ஷாட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். மாட்ரிட்டின் 35 வயது செர்ஹியோ யூல், எதிரே ஒலிம்பியாகோஸ் வீரர், 2.18 மீட்டர் உயர முஸ்தஃபா ஃபால் கையை நீட்டி நிற்கிறார். பந்து அந்த விரல்களுக்கு மேலே ஏறித்தான் கூடைக்குள் விழுகிறது. மீதி மூன்றே நொடி. அன்று யூல் எடுத்த புள்ளிகளே அவ்வளவுதான். அதுவரை ஒன்றும் போடாதவர் அந்த நேரத்தில் பந்தைக் கேட்டு வாங்குவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஒலிம்பியாகோஸுக்காக எனக்கும் வருத்தம்தான். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி, அதன் வீரர் வெசென்கோவ் இறுதியில் 29 புள்ளி எடுத்தார். அவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே.