டயர் கேட்டால் ஏன் ரிம்மை மாற்றச் சொல்கிறீர்கள்?

மூன்று வாரங்களாகப் பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் வரை ஒவ்வொரு டயர் கடையாக ஏறி இறங்கிவிட்டேன். நான் கேட்பது இவ்வளவுதான்: 1994ஆம் ஆண்டின் டொயோட்டா எம்.ஆர்.2 காருக்கு முன்னால் 195/55 ஆர்15, பின்னால் 225/50 ஆர்15, நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகமாக, அண்மையில் தயாரானவையாக வேண்டும். (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.) இதை முழுதாகக் கேட்டு முடிக்கும் பொறுமைகூட எந்தக் கடையிலும் இல்லை. "முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற அளவா? யாரோ தப்பா மாட்டியிருக்காங்க அண்ணே" என்கிறார் ஒருவர். தப்பாக மாட்டியவர் யாரும் இல்லை. அந்தக் காரை வடிவமைத்தவர்களே அப்படித்தான் மாட்டினார்கள்.

அந்தக் காரின் இயந்திரம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னே இருக்கிறது. அதனால் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்களின் மீதே அமர்கிறது. வளைவின் நடுவில் ஓட்டுநர் பதறி முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னே சாய்ந்து பின் சக்கரங்களின் பிடி தளர்கிறது. கண் இமைப்பதற்குள் வால் சுழன்று முன்னே வந்துவிடும். இந்தக் குணத்துக்காகவே இந்தக் கார் பெயர்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் சஸ்பென்ஷனைத் திருத்தியபோது 14 அங்குல ரிம்மை 15 அங்குலமாக்கி, பின் டயரையும் அகலப்படுத்தியது. அப்படிப்பட்ட காருக்கு நான்கு சக்கரங்களிலும் 195ஐ மாட்டுங்கள், முன்னால் நல்ல டயரும் பின்னால் கைக்குக் கிடைத்த டயரும் போடுங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர்கள், மழை நாளில் தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைப்பாதையில் என் பக்கத்து இருக்கையில் உட்காரத் தயாரா?

அடுத்த அறிவுரை, 17 அங்குல ரிம். "பதினைந்துல நல்ல டயர் இல்ல, பதினேழுக்கு மாத்திடுங்க, பார்க்கவும் கெத்தா இருக்கும்." அவர்கள் எடுத்து நீட்டும் 215/45 ஆர்17ஐ முன்னால் மாட்டினால், சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் கூடும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது எங்கே உரசும் என்று கேட்டால் பதில் இல்லை. டயரின் பக்கச்சுவர் எவ்வளவு நெளிய வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் ஸ்பிரிங்கும் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் அமைந்தன என்பதையும், கனமான ரிம் ஏறினால் முப்பது வயதுக் காரின் மூட்டுகள்தான் அடி வாங்கும் என்பதையும் எடுத்துச் சொன்னால், என்னை வம்புக்காரனைப் போலப் பார்க்கிறார்கள். நான் கேட்டது டயர். அழகு அல்ல.

மூன்றாவது வகையினர் செமி ஸ்லிக்கை, அதாவது பந்தய டயரைப் போலப் பள்ளம் குறைந்த மென்மையான டயரை, நீட்டுகிறார்கள். காய்ந்த தரையில், பந்தயத் தடத்தில், சூடேறிய பிறகு அதன் பிடி அபாரமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் வாழ்வது சிப்பாங் தடத்தில் அல்ல, மாலையானால் வானம் பொத்துக்கொண்டு கொட்டும் பினாங்கில். நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவாக உள்ள அந்த டயர், பாதி தேய்ந்த பிறகு பாலத்தின் மீது தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கினால், எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது வேறொன்று. பிறையில் ஒரு கடையில் சரியான அளவு இருந்தது. விலையும் பேசி முடித்தாயிற்று. மாட்டுவதற்கு முன் பக்கச்சுவரைத் தடவிப் பார்த்தேன். தயாரிப்பு விவரத்தைக் காட்டும் டி.ஓ.டி. குறியீட்டில் கடைசி நான்கு இலக்கம் 1219. அதாவது, 2019ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்த டயர். தகரக் கூரையின் கீழ் இத்தனை ஆண்டுகள் வெந்து கிடந்ததைப் "புதுசு" என்று முழு விலைக்கு விற்கப் பார்த்தார்கள். "ஒரு நாள்கூட ஓடாத டயர் எப்படிண்ணே பழசாகும்?" என்று அந்தப் பையன் கேட்டான். அவன் மீது எனக்குக் கோபமில்லை. அதைச் சொல்லிக்கொடுத்து அவனை முன்னால் நிறுத்திய தவுக்கே, அந்தக் கடை முதலாளி, மீதுதான் கோபம்.

சுங்கை பட்டாணித் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ரப்பர் ஷீட்டை நேர் வெயிலில் போட்டால் கெட்டுவிடும், புகைக்கூடத்தில்தான் காய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ரப்பர் என்பது வெப்பத்தாலும் காற்றாலும் நாளுக்கு நாள் இறுகிப்போகும் பொருள் என்பது, நாள் முழுவதும் அதையே விற்கும் கடைக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. காமுந்திங்கில் டயர் தொழிற்சாலை இயங்கும் நாடு இது. இங்கே ஒருவர் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்க நினைப்பதை அதிகப்பிரசங்கித்தனமாக நடத்துகிறார்கள்.

கார் இப்போது வாசலில் நிற்கிறது. பழைய டயர்களில் பள்ளம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. சட்டம் அனுமதிக்கும் எல்லையே 1.6தான். நேற்று மாலை ஒரு கடையிலிருந்து அழைத்து, என் அளவு வந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு ஓடினேன். அடுக்கி வைத்திருந்தவை நான்கும் 205/50. "இதுவும் பதினைஞ்சுதானே" என்றார் கடைக்காரர்.