அத்தானும் லுமாலாவும் எட்டுச் சீலும்

(கிளிநொச்சி. சனி இரவு, கார்த்திகை மாசத்து மழை. விறாந்தையில ஒரு பழைய லுமாலா சைக்கிள், ஒரு மேசை, மேசையில விரிச்ச வரைபடம். அத்தான் 31 வருசம் தபால் குடுத்துப்போட்டு பென்சன் எடுத்தவர். மச்சான் போன் திருத்திற கடை வைச்சிருக்கிறவன், அவருக்கு மனிசியின்ர தம்பி.)

மச்சான்: அத்தான், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குங்கோ, இரணைமடுவுக்கு மேல வைச்சிருக்கிறியள்.

அத்தான்: அது எப்பிடியும் நிரம்பப் போற குளம்தானே. 36 அடி தொடப்போகுது எண்டு காலமை சந்தையில கதைச்சாங்கள். சரி, திருப்பிச் சொல்லு, எனக்கு விளங்கேல்ல.

மச்சான்: நாளைக்கு விடிய ஆறு மணிக்கு கந்தசுவாமி கோயிலடியில இருந்து வெளிக்கிடுறம். எட்டு இடம் தந்திருக்கினம், எதுக்கு முதல் போறது எதுக்குப் பேந்து போறது எண்டு சொல்லமாட்டினம், பாதையும் சொல்லமாட்டினம், அதெல்லாம் நாங்களே யோசிக்கோணும், ஒவ்வொரு இடத்திலயும் ஒரு பெடியன் நிண்டு எங்கட காட் மட்டையில சீல் அடிப்பான், தூர இடத்துக்குக் கூடப் புள்ளி, கிட்ட இடத்துக்குக் குறைய, பன்ரண்டு மணிக்குத் திரும்பி வந்திடோணும், பிந்தினா நிமிசத்துக்கு அஞ்சு புள்ளி வெட்டு. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போகோணும்.

அத்தான்: உதுக்கு என்ன பேர் எண்டனி?

மச்சான்: அலிகற் ரேஸ். 1989இல ரொறன்ரோவில சைக்கிளில பார்சலும் கடிதமும் குடுக்கிற பெடியள் தங்களுக்குள்ள ஓடத் தொடங்கினது, இப்ப எல்லா நாட்டிலயும் ஓடுறாங்கள்.

அத்தான்: பொறு பொறு. சைக்கிளில கடிதம் காவிறவன், மழைக்குள்ள, ஊர் முழுக்கச் சுத்தி, சீல் வாங்கிக்கொண்டு நேரத்துக்குத் திரும்பி வாறான். இது ரேஸோ?

மச்சான்: ஓம்.

அத்தான்: டேய், இதை நான் 31 வருசம் ஓடினனான்! ஒருத்தனும் கை தட்டேல்ல. ஒருநாள் பிந்தினா போஸ்ற்மாஸ்டர் பேசுறது மட்டும்தான் பரிசு. இப்ப ரொறன்ரோக்காரன் கண்டுபிடிச்சவனாம். அங்க போய்க் கிடக்கிற எங்கட சனம் ஒண்டாவது எழும்பிச் சொல்லியிருக்கலாம்.

மச்சான்: அதுக்குத்தான் உங்களைச் சேத்தனான் அத்தான். நான் மூளை, நீங்கள் கால்.

அத்தான்: 61 வயசுக் கால்.

மச்சான்: இப்ப பாருங்கோ. கரடிப்போக்கு 10 புள்ளி, பரந்தன் சந்தி 20, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையடி 20, உருத்திரபுரம் சிவன் கோயில் 30, கனகாம்பிகைக்குளம் 20, இரணைமடு அணைக்கட்டு 30, வட்டக்கச்சி 40, முறிகண்டி 50. எட்டு இடத்தையும் எத்தினை விதமா மாத்தி மாத்தி ஓடலாம் எண்டு கணக்குப் பாத்தனான். 40,320 விதம்.

அத்தான்: கோதாரி.

மச்சான்: ஒண்டுக்கு ஒரு நிமிசம் யோசிச்சாக்கூட, நித்திரை சாப்பாடு இல்லாம 28 நாள் வேணும்.

அத்தான்: அதுக்குள்ள மார்கழியும் வந்திடும். இஞ்ச தா பேனையை. முதல் வடக்க முடி, பேந்து தெற்க இறங்கு. களைக்க முதல் தூரத்துக்குப் போறது, களைச்ச பிறகு வீட்டுப் பக்கம் திரும்புறது, இதுதான் தபால்காரன்ர சட்டம்.

மச்சான்: ஆனா முறிகண்டி தெற்க அந்தத்தில கிடக்கே, அதுதான் கூடின தூரம்.

அத்தான்: ...சட்டத்துக்கு விலக்கும் இருக்கு.

மச்சான்: உருத்திரபுரத்தில இருந்து பரந்தனுக்கு இப்பிடி நேரா ஒரு கோடு இழுத்தா கிட்ட.

அத்தான்: கொக்குக்குக் கிட்ட. உன்ர கோடு எத்தினை வாய்க்காலுக்கு மேலால போகுது எண்டு பார். இஞ்ச ஊரைக் கட்டினது றோட்டு இல்லையடா, இரணைமடுத் தண்ணி. வாய்க்கால் போற பக்கம்தான் ஒழுங்கை போகும், மதகு இருக்கிற இடத்திலதான் கடக்கலாம், மதகு தெரியாதவன் அந்தக் கரையில நிண்டு இந்தக் கரையைப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

மச்சான்: மதகு உங்களுக்குத் தெரியும்தானே?

அத்தான்: எல்லாம் தெரியும். வெள்ளை நாய் நிக்கிற படலையில இடப்பக்கம், பிறகு கடிக்கிற கறுவல் வீட்டு முடக்கு, அங்கால மூண்டு கால் நாய்...

மச்சான்: அத்தான், நீங்கள் பென்சன் எடுத்தே அஞ்சு வருசம். அந்த நாயள் இப்ப இருக்குமோ?

(நீண்ட மௌனம். அத்தான் உண்மையிலயே கவலைப்பட்டவர்.)

மச்சான்: சரி, மழைக்குச் சில விசயம். ரயரில கொஞ்சம் காத்தைக் குறைப்பம், அப்பதான் றோட்டில பிடிக்கும். வெள்ளைக் கோட்டுக்கு மேல ஏறாதேங்கோ, நனைஞ்சா வழுக்கும். ரெயில் பாதையைச் சரிவாக் கடக்காம நேர் குறுக்க கடக்கோணும். றிம் நனைஞ்சா பிறேக் உடன பிடிக்காது, ரெண்டு மூண்டு சுத்து உரஞ்சித் தண்ணி போனாப் பிறகுதான் பிடிக்கும், அதால முன்னமே அமத்தோணும்.

அத்தான்: இந்த லுமாலாவுக்கு வெயிலிலயே பிடிக்கிறேல்ல. அதை விடு, கொக்காவுக்கு என்ன சொல்லிறது?

மச்சான்: நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

அத்தான்: பென்சன் அலுவலா கச்சேரிக் கந்தோருக்குப் போறன் எண்டனான்.

மச்சான்: நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அத்தான்.

(ஞாயிறு. காலமை ஏழரை. கரடிப்போக்கு முடிஞ்சு உருத்திரபுரம் கோயிலடி. மழை கிடுகுக்கால ஒழுகிறமாதிரி இல்லை, கூரையே இல்லாதமாதிரி.)

மச்சான்: சீல் அடிச்சாச்சு, வாங்கோ வாங்கோ!

அத்தான்: பொறு. தம்பி, இதென்ன சீல்? அரைவாசிதான் விழுந்திருக்கு. மையைத் தட்டிப்போட்டு நேர வைச்சு அமத்தும். ஆ... இல்லை, இன்னொருக்கா.

மச்சான்: அத்தான், அவன் பள்ளிக்கூடப் பெடியன், விடுங்கோ!

அத்தான்: பள்ளிக்கூடத்திலயே பழகோணும். தெளிவில்லாத சீல் செல்லாத சீல்.

(நாலு நிமிசம் போச்சு. அந்தப் பெடியன் இனி வாழ்க்கையில சீல் பக்கம் போகமாட்டான்.)

மச்சான்: இப்ப போனைப் பாத்து... ஐயோ மழைத்துளி விழுந்து ஸ்கிரீன் தன்ர பாட்டுக்கு வேலை செய்யுது, நான் வலப்பக்கம் இழுத்தா அது இடப்பக்கம் போகுது. சொப்பின் பைக்குள்ள வைச்சா ஒண்டும் அமத்தேலாது.

அத்தான்: காட்டை எங்க வைச்சிருக்கிறாய்?

மச்சான்: காற்சட்டைப் பொக்கற்றுக்க... அத்தான், அது கூழ் மாதிரி வருது.

அத்தான்: தெரியும். அது பழைய கச்சேரித் துண்டு. உண்மையான காட் என்னட்ட, சேட்டுக்குள்ள, ரெண்டு பொலித்தீனுக்குள்ள. 31 மாரியில ஒரு கடிதம் நனைய விட்டவன் இல்லை நான்.

மச்சான்: சரி, இந்த கிரவல் றோட்டால வெட்டினா பரந்தன் வரும் எண்டு போன் சொன்னது.

(முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு. வயல் நடுவில. மட்காட்டுக்குள்ள சேறு இறுகி ரெண்டு சில்லும் சுத்தேல்ல. ரெண்டு பேரும் சைக்கிளைத் தோளில காவிக்கொண்டு நிக்கினம். முன்னுக்கு வாய்க்கால். மதகு இல்லை.)

அத்தான்: சொல்லும் மூளை.

மச்சான்: போனில றோட்டு எண்டுதான் கிடக்கு...

அத்தான்: அது வரம்படா. வரம்பைக் கண்டு றோட்டு எண்டு சொல்லுறது கொக்குக்கும் போனுக்கும்தான் சரி. ஒரு தடி முறிச்சுத் தா, சேறு குத்தி எடுப்பம்.

(அந்த நேரம் சொப்பின் பைக்குள்ள இருந்து ஒரு பொம்பிளைக் குரல்: "இஞ்சாருங்கோ, கச்சேரியில சேறோ?" மழைத்துளி தன்ர பாட்டுக்கு அக்காவுக்குக் கோல் எடுத்துக் குடுத்திருக்கு. எவ்வளவு நேரமாக் கேட்டுக்கொண்டு நிண்டவ எண்டு இண்டுவரைக்கும் தெரியாது.)

அத்தான்: ...மச்சான், அந்தப் போனை வாய்க்காலுக்குள்ள போடு.

(ஒன்பதரை. ஒருவழியா பரந்தன் சந்தி.)

மச்சான்: இனி ஒருத்தரோடயும் கதைக்கிறேல்ல அத்தான். நேர தெற்க.

அத்தான்: நான் கதைக்கிறனே? அவையள்தான் கூப்பிடுகினம். நான் தபால் குடுத்த சனம், பிளேன்ரீ வேண்டாம் எண்டா கோவிப்பினம்.

மச்சான்: மூண்டு வீட்டில குடிச்சனீங்கள். ஒரு வீட்டில பணிசும்.

அத்தான்: அந்த மனிசிக்குப் பொடியன்ர காசு ஓடர் கொண்டுபோய்க் குடுத்தது நான்தான். அதுவும் 2018 மார்கழி வெள்ளத்துக்க இடுப்பளவு தண்ணியில. அதை மறக்காம பணிஸ் தருது, நான் ரேஸ் எண்டு சொல்லிப்போட்டு ஓடுறதே?

(கனகாம்பிகைக்குளத்துக்குப் பக்கத்தில வந்து சீல் வாங்கேக்கதான் மச்சான் காட்டைத் திருப்பிப் பாத்தவன்.)

மச்சான்: அத்தான்! இரசாயனத் தொழிற்சாலை! பரந்தனில நிண்டுகொண்டு அதை விட்டிட்டு வந்திட்டம்! 20 புள்ளி!

அத்தான்: நீதானே ஒருத்தரோடயும் கதைக்கவேண்டாம் எண்டனி. ஆரையாவது கேட்டிருந்தா ஞாபகப்படுத்தியிருப்பினம்.

மச்சான்: வட்டக்கச்சியையாவது பிடிப்பம், 40 புள்ளி.

அத்தான்: வான்கதவு திறந்திட்டாங்களாம், இப்பதான் ஓட்டோக்காரன் சொல்லிக்கொண்டு போறான். அந்தப் பக்கம் தண்ணி பாயும். 40 புள்ளிக்காகக் கனகராயன் ஆத்தோட சண்டை பிடிக்கேலாது. இரணைமடுச் சீலை வாங்கிக்கொண்டு முறிகண்டிக்கு விடு.

(பதினொண்டரை. முறிகண்டிப் பிள்ளையாரடி. ஏ9 றோட்டில லொறியள் அடிச்ச தண்ணியில ரெண்டு பேரும் ஒரே நிறம்.)

மச்சான்: சீல் ஆச்சு! அரை மணித்தியாலம் கிடக்கு, திரும்புங்கோ, ஓடுங்கோ!

அத்தான்: தேங்காய்?

மச்சான்: என்ன தேங்காய்?

அத்தான்: முறிகண்டியில தேங்காய் உடைக்காமல் எந்த வாகனம் போயிருக்கு? பஸ் நிக்குது, லொறி நிக்குது, நேற்றுப் பிறந்த ரேஸ் நிக்காதோ? அங்க பார், முன்னால போன பெடியளும் கியூவிலதான் நிக்கிறாங்கள். கச்சானும் ரெண்டு சரை வாங்கு.

மச்சான்: கச்சான் நனைஞ்சிடும்.

அத்தான்: பொலித்தீன் இன்னும் ஒண்டு கிடக்கு.

(12.32. கந்தசுவாமி கோயிலடி. ஒரு குருவி இல்லை. ஒரு நனைஞ்ச பதாகை மட்டும் தொங்குது.)

மச்சான்: 10, 20, 30, 20, 30, 50. நூற்று அறுபது. 32 நிமிசம் பிந்தி, அஞ்சால பெருக்கினா... நூற்று அறுபது.

அத்தான்: மிச்சம்?

மச்சான்: சைபர்.

அத்தான்: மைனஸ் இல்லைத்தானே.

மச்சான்: எல்லாரும் மழைக்கு வீட்ட போட்டினம். வாங்கோ, போவம்.

அத்தான்: வீட்டையோ? காட்டைக் குடுக்காமலோ? இது என்ர கையில தந்த கடிதாசி, இண்டைக்கே போய்ச் சேரோணும். நடத்திற பெடியன்ர வீடு எனக்குத் தெரியும், தகப்பனுக்கு நான்தான் கடிதம் குடுத்தனான், ரெண்டு ஒழுங்கை அங்கால. ஆள் இல்லாட்டிப் படலையில செருகிவிடலாம்.

(ரெண்டு ஒழுங்கை, மூண்டாகி, நாலாகி, ஒரு பச்சைப் படலை.)

மச்சான்: நாய் இருக்கோ அத்தான்?

அத்தான்: இருந்தது. கிழட்டுச் செவலை, பல்லில்லாதது. வாலாட்டும். செருகியாச்சு, பார், ஒரு சொட்டு ஈரம் இல்லை காட்டில... மச்சான்.

மச்சான்: என்ன?

அத்தான்: இது செவலை இல்லை.

மச்சான்: அப்ப?

அத்தான்: இது எனக்குப் பிறகு வந்தது. உழக்கு! திரும்பிப் பாக்காத, உழக்கு!

மச்சான்: அத்தான் முடக்கு வருது, பிறேக்கை முன்னமே அமத்துங்கோ!

அத்தான்: இப்ப ஆரடா பிறேக் கேட்டது!