நட்சத்திரக் குறி போட்ட கட்டங்கள்

வடிவமைப்பால் சமூகத்தை மாற்ற முடியுமா? கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கிற கேள்வி இது. கேட்கிற பிள்ளைகளின் மனதில் பெரும்பாலும் ஒரு சுவரொட்டிதான் இருக்கிறது: பெண் கல்வி, தண்ணீர்ச் சிக்கனம், புகைப்பழக்கம். எங்கள் துறையில் கைதட்டலும் விருதும் அதற்குத்தான் கிடைக்கின்றன. நான் அவர்களைப் படிவங்களைப் பார்க்கச் சொல்கிறேன். ரேஷன் கார்டுக்கு, சாதிச் சான்றிதழுக்கு, வங்கிக் கணக்குக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு நாம் வரிசையில் நின்று நிரப்புகிற விண்ணப்பப் படிவங்களை. ஏழை பணக்காரர் வித்தியாசமில்லாமல் எல்லோர் கையிலும் வந்து சேருகிற வடிவமைப்பு அது. அதை வடிவமைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கிடைக்காது. பழைய படிவத்தை டி.டி.பி. கடையில் கொடுத்து மறுபடி அடித்து வாங்கியிருப்பார்கள். இணையப் படிவமாக இருந்தால், யாரோ ஒருவர் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்திருப்பார்.

ஒரு கட்டம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலே சாட்சி. வாக்காளர் பட்டியல் எடுக்க வீடு வீடாகப் போனவர்களிடம் வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சென் செய்தது சரி என்பதுதான் என் முடிவு. அரசாங்கம் ஒரு பெண்ணை அவள் பெயரால் அறிய வேண்டும் என்பதில் சமரசம் செய்திருந்தால், 'இன்னாரின் மனைவி' என்பதே பல தலைமுறைகளுக்கு அதிகாரபூர்வப் பெயராகியிருக்கும். ஆனால் அதற்கான விலையை ஆணையம் கொடுக்கவில்லை. வாக்கில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் கொடுத்தார்கள். படிவத்தில் ஒரு கோடு கிழிக்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் கதை இதற்கு நேர் எதிரானது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறைகளில் தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் ஓர் இனிஷியலும் ஒரு பெயருமாக மாறிப்போனார்கள். எவ்வளவு பெரிய காரியம் அது! அடுத்த வீட்டுக்காரரின் பெயரை வைத்து அவர் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத நிலையை மக்களே உண்டாக்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் இன்று ஒரு கணினித் திரை 'குடும்பப் பெயர்' என்று கேட்கிறது, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறியோடு. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தபோது எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பதறின! தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஒரு சமூகம் முயன்று விட்டொழித்த ஒன்றை, அந்த வரலாறே தெரியாத ஒருவர் வரைந்த கட்டம் திரும்பக் கேட்கிறது. இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு ஒரு கணினி மையத்தில் காத்திருந்தபோது எனக்கு முன்னால் ஒரு பெண். மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அடுக்கி எடுத்து வந்திருந்தார். கணினியில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த பையனும் பொறுமையாகத்தான் கேட்டான். "அப்பா பெயர் சொல்லுங்கள், அக்கா." அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் எங்களோடு இல்லை, தம்பி. அந்தப் பெயர் வேண்டாமே" என்றார். பையன் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தான், போகவில்லை. ஒரு புள்ளி வைத்தான், போகவில்லை. கோடு போட்டான்; சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். கடைசியில் அந்த அம்மா குரலைத் தாழ்த்திப் பெயரைச் சொன்னார். அடுத்த கட்டம் தந்தையின் தொழில், அதற்கடுத்தது ஆண்டு வருமானம். இரண்டிலும் நட்சத்திரக் குறி.

அந்தக் குறியை எடுப்பதற்கு எவ்வளவு வேலை? நிரல் எழுதுபவருக்குச் சில நிமிடங்கள். எடுக்கலாம் என்று முடிவெடுப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன. பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை அல்லது காப்பாளர் என யாராவது ஒருவர் பெயர் போதும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது 2016 டிசம்பரில்தான். தனித்து வாழும் தாய்மார்கள் நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்த பிறகு வந்த மாற்றம் அது. திருநர் விஷயத்திலும் வரிசை இதுதான். தமிழ்நாடு 2008இல் நல வாரியம் அமைத்தது. 2009இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் மூன்றாவது தெரிவைக் கொண்டுவந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாளில் 'ஆண்', 'பெண்' என்ற இரண்டுக்குப் பக்கத்தில் 'மற்றவர்' சேர்ந்தது. அந்த ஒரு குறியீட்டால் 4.87 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முதன்முறையாக அரசாங்கக் கணக்கில் வந்தார்கள். உண்மையில் இன்னும் அதிகம் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். வாசலில் நிற்கிற கணக்கெடுப்பாளரிடம், வீட்டார் முன்னிலையில், எத்தனை பேர் வாய் திறந்திருக்க முடியும்? திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பே 2014இல்தான் வந்தது.

ஆகவே மாற்றத்தைக் கொண்டுவருபவர்கள் நாங்கள்தான் என்று எந்த வடிவமைப்பாளராவது மேடையில் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போராடுகிறவர்கள் வேறு. ஆனால் அவர்கள் வென்றெடுத்த உரிமை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே, அங்கேதான் எங்கள் வேலை இருக்கிறது. சட்டம் மாறி ஐந்தாறு ஆண்டுகள் ஆன பிறகும் பழைய படிவத்தையே ஜெராக்ஸ் எடுத்து நீட்டுகிற அலுவலகங்கள் எத்தனை! எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஆங்கிலப் பேரெழுத்துக்காகப் போட்ட தாளில் 'கௌரி' என்று எழுத ஒரு முதியவர் திணறுவதைப் பார்த்தால் போதும், இந்த வேலையை யாரும் செய்யவில்லை என்பது புரியும்.

1964இல் லண்டனில் கென் கார்லண்ட் என்ற வடிவமைப்பாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பற்பசைக்கும் பூனைத் தீனிக்கும் விளம்பரம் செய்வதிலேயே எங்கள் திறமை கரைகிறது, அதைவிடப் பயனுள்ள வேலைகள் இருக்கின்றன என்றது அது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அதைப் பாடமாக நடத்துகிறோம், மாணவர்களை அதே விளம்பரங்களுக்குத்தான் அனுப்புகிறோம். படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டிய பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். படிவ வடிவமைப்பை அலுவலகங்கள் அச்சுக்கூலியில் அடங்கும் செலவாகவே பார்க்கின்றன. எந்த டெண்டரிலும் அதற்கென்று ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுத வைப்பதற்கு எங்கள் சங்கங்கள் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

இந்தப் பருவத்தில் என் மாணவர்கள் நால்வர் ஒரு பெண்கள் விடுதியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் விடுதி அலுவலக ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எந்தக் கட்டத்தில் பேனாவை நிறுத்துகிறார்கள் என்று குறித்தார்கள். 'தந்தை / கணவர்' என்பதை 'பொறுப்பாளர்' என்று மாற்ற நிர்வாகம் சம்மதித்துவிட்டது. சாதிக் கட்டத்தை, உதவித்தொகை கேட்பவர்கள் மட்டும் நிரப்பும் தனித்தாளுக்கு மாற்றலாம் என்பதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. படிவம் ஜூனில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுபடி போய்ப் பேசுவதற்கு வியாழக்கிழமை நேரம் கேட்டிருக்கிறார்கள். நானும் உடன் போகிறேன்.