அந்த ஏப்பத்தை நம்பாதீர்கள்

தீபாவளி சமயத்தில் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் வீட்டுப் படியேறினாலும் ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழி, நெய்யுருண்டை, அதற்கு மேல் ஆரஞ்சு பானம். ஐந்து வீடு ஏறி இறங்கி வந்த மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே "அக்கா, ஆப்பச் சோடா இருக்கா?" என்றார். அம்மா ஒரு தேக்கரண்டி போட்டு, எலுமிச்சை பிழிந்து நீட்டிவிட்டார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்தே இதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். நான் டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினேன். இரண்டு நாளாக வீட்டில் எனக்குத் திட்டு.

குடித்ததும் ஏப்பம் வருகிறதே, சோடா வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சியாம். சோடா வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும், அந்த ஏப்பம் அதுதான். நாமே காற்றை உள்ளே அனுப்பி, நாமே வெளியே விட்டு, 'அப்பாடா' என்கிறோம். நெஞ்செரிச்சலுக்குக் கொஞ்ச நேரம் சுகம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாமாவுக்கு எரிச்சலே இல்லை, வயிறு முட்டி நின்ற கனம். இடமே இல்லாத வயிற்றில் இன்னும் வாயுவா? 1979இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளர் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஆப்பச் சோடா கரைத்துக் குடித்து, இரைப்பை கிழிந்து அறுவை சிகிச்சை வரை போனார். அபூர்வம்தான், சரி. ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போது குடிக்காதே என்று அங்கே ஆப்பச் சோடா டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

அப்புறம் உப்பு. ஒரு தேக்கரண்டி சோடாவில் சோடியம் 1,200 மில்லிகிராமுக்கும் மேல். ஒரு நாள் முழுக்கவே 2,000க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமாவோ கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க மருந்தகத்தில், வரிசையில் நின்று பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் 'கேஸ்ட்ரிக்' என்ற சொல். நெஞ்சு இறுக்கினாலும், குப்பென்று வியர்த்தாலும், கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலும் எங்கள் ஊரில் எல்லாம் கேஸ்ட்ரிக்தான். மாரடைப்பும் இப்படித்தான் வரும். சோடா குடித்து, ஏப்பம் வந்து, தேவலை போலிருக்கே என்று உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது. உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள்.

வெறும் கனம் என்றால் மெல்ல நடந்து, இரண்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருந்தாலே இறங்கிவிடும். மாமாவும் முணுமுணுத்துக்கொண்டே வாசலில் நடந்தார், சாயங்காலம் முறுக்கு டின்னைத் தேடினார். அம்மாதான் இன்னும் விடவில்லை: "அப்ப ஏப்பம் எப்படிடா வரும்?"