முக்கூடலில் இன்னும் மழை பெய்யவில்லை

நண்பர் ஒருவர் நடத்தும் சிற்றிதழின் மழைச் சிறப்பிதழுக்கு வந்த கதைகளைப் படித்துத் தரும் வேலை போன மாதம் என் தலையில் விழுந்தது. முப்பத்தொரு கதைகள். இருபதுக்கு மேற்பட்டவற்றில் ஒரு ஜன்னல் இருந்தது. இந்தப் பக்கம் ஒருவர், கையில் தேநீர், மனத்தில் பிரிந்துபோன யாரோ. அந்தப் பக்கம் மழை ‘சோ’வென்று பெய்துகொண்டே இருந்தது. என்ன மாதம், காற்று எந்தத் திசையிலிருந்து, தண்ணீர் எங்கே தேங்கியது, தெருநாய் எங்கே ஒதுங்கியது, ஒன்றும் தெரியவில்லை. அவர் அழும்போது உடனிருக்க ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கிறது, மழையைக் கூப்பிட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மண்வாசனை இல்லாத கதைகள் இரண்டே இரண்டு. ஒன்றில் ஐப்பசி அடைமழை, ஆறாவது நாள், அப்போதும் மண் மணக்கிறது. ஐயா, வறண்டு கிடந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது எழும் வாசனை அது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆறு நாள் ஊறிய தெருவில் மணப்பதற்குப் பெயர் சாக்கடை. அந்த நாற்றத்தை எழுதியிருந்தால் அந்தக் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருப்பேன்.

மழை வருணனையில் துளி குறையக் குறைய நல்லது என்பது என் கட்சி. மழை வந்ததால் எது எது இடம் மாறியது, யார் என்ன செய்யாமல் விட்டார்கள் என்று எழுதினால் போதும். வாசகன் தானாக நனைந்துவிடுவான்.

நக்கீரர் பாடிய சங்கப் பாட்டான நெடுநல்வாடையைப் பாருங்கள். 188 அடிகள். ‘பொய்யா வானம் புதுப்பெயல் பொழிந்தென’ என்று இரண்டாம் அடியிலேயே மழையைப் பெய்யவைத்துவிடுகிறார். அதன் பிறகு அவர் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது எப்போதாவதுதான். கண் முழுக்கத் தரையில். மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போன கோவலர்கள் கையில் கொள்ளிக்கட்டையோடு கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி கூனிப்போய் உட்கார்ந்திருக்கிறது. பறவைகள் விழுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைக் கறவை உதைத்துத் தள்ளுகிறது. குளிர் எவ்வளவு என்பதற்கு அந்தக் கடைசி ஒன்று போதாதா? தாய், தன் கன்றை!

அதோடு விடுகிறாரா? ஊருக்குள் வருகிறார். கோடையில் வீசிய விசிறி முளையில் தொங்குகிறது, அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குறுகிய வாய்க் கன்னல் என்ற பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரை யாரும் தொடுவதில்லை, அகன்ற வாய்த் தடவு என்ற கணப்புச் சட்டியில் நெருப்பு எரிகிறது. மாடத்துப் புறா இரை தேடப் போகாமல், இரவு பகல் தெரியாமல், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது. நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஏசி பெட்டி மேல் நவம்பர் மாதம் முழுவதும் இப்படி இரண்டு புறாக்கள் நிற்கும். பல வருடங்களாகப் பார்க்கிறேன், ‘கால் மாற்றி’ என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பிச்சி மொட்டு. மேகம் மூடியதால் மாலை வந்ததா இல்லையா என்று பெண்களுக்குத் தெரியவில்லை. பறித்து வைத்த பித்திக அரும்பு விரியும் நேரத்தில் மணக்கிறது. அந்த மணத்தால் பொழுது அறிந்து விளக்கேற்றுகிறார்கள். பித்திகத்தைத்தான் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிச்சி என்கிறோம். என் ஆச்சி சாயங்காலம் வாங்கும் பிச்சிப்பூ எப்போதும் மொட்டாகவே இருக்கும். ‘விளக்கு வைக்கும்போது விரிந்துவிடும்’ என்பார். அவர் நெடுநல்வாடை படித்தவர் இல்லை, பள்ளிக்கூடமே போனதில்லை.

இதைச் சொன்னபோது நண்பர் கேட்டார்: ‘அங்கேயும் ஓர் அரசி தனியாகக் கிடந்து அழத்தானே செய்கிறாள்? உங்கள் ஜன்னல்காரரிடம் மட்டும் என்ன கோபம்?’ நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அரசி பாட்டில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் வருகிறாள். அதற்குள் கோவலர், குரங்கு, கறவை, புறா எல்லோருக்கும் குளிர்ந்து முடிந்துவிடுகிறது. அவள் வரிசையில் கடைசி ஆள். நம் கதைகளிலோ அவர் ஒருவர்தான் வரிசை.

மிகை கூடாது என்றும் நான் சொல்லவில்லை. திருநீறு பூசிய சிவனின் நிறத்தில் வெள்ளையாகப் போன மேகம், கடலை மேய்ந்து, திருமாலின் நிறத்தில் கறுத்துத் திரும்புகிறது என்கிறார் கம்பர். எவ்வளவு பெரிய மிகை! ஆனால் வெறும் மேகம் வெளுத்தும் நீர் கொண்ட மேகம் கறுத்தும் இருக்கும் என்ற கணக்கு தவறவில்லை. ‘மேய்ந்து’ என்ற சொல்லுக்காகவே அந்தப் பாட்டை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன்.

கணக்கு முக்கியம். ஒரு கதையில் சித்திரை மாதம் மதுரையில் வாடை வீசியது. வாடை ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வரும் கூதிர்காலக் காற்று, அதற்குச் சித்திரையில் என்ன வேலை? குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், கார் காலத்தில் வருவேன் என்று சொன்னவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி தலைவியிடம் சமாளிக்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, காலமில்லாக் காலத்தில் வந்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டது. ‘வம்ப மாரி’ என்பது அவள் சொல். எந்த மழை எப்போது வரும் என்று இருவருக்கும் அத்துப்படியாக இருப்பதால்தான் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடிகிறது. பருவம் தெரியாத ஊரில் அவள் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது எங்கள் ஊர்ப் பாட்டுக்கு வருகிறேன். முக்கூடற்பள்ளு, தாமிரபரணிக் கரை முக்கூடலின் உழவர்களைப் பாடும் நூல். ‘ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி’. மேற்கே மலையாள மின்னல், கடலுக்கு அந்தப் பக்கம் ஈழ மின்னல், கொம்பு சுற்றி அடிக்கும் காற்று, கேணியில் கத்தும் சொறித்தவளை, வளையைச் சேற்றால் அடைக்கும் நண்டு. மழைப் பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். ஒரு நாள் நிதானமாகப் படித்தபோதுதான் கவனித்தேன், இந்த வரிகளில் ஒரு துளி மழைகூட இல்லை. நாளைக்கு வரப்போகும் வெள்ளத்தை நண்டிடம் கேட்டுச் சொல்கிறார்கள். நண்டுக்கு இரண்டு பருவக்காற்றும் தெரியும்.

இன்று நமக்கு வாய்த்த சொற்கள் மிதமான மழை, கனமழை, மிக கனமழை, அதிகனமழை. வானிலைத் துறைக்கு அவை தேவை, குறை சொல்லவில்லை. ஒரே நாளில் சுமார் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை, அதற்கு மேல் சொல் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

அன்று இரவு தாமிரபரணிக் கரையிலிருந்து என் அத்தை மகன் குரல் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தான். நான் சென்னையில், ஆம், ஜன்னலருகேதான் உட்கார்ந்திருந்தேன். முதலில், ‘படித்துறை தெரியவில்லை.’ பிறகு, ‘தொழுவத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டோம்.’ அடுத்து, ‘கோழிகள் வேப்பமரத்தில் ஏறிவிட்டன, இறங்க மாட்டேன் என்கின்றன.’ நடு இரவுக்கு மேல், ‘கிணறு எந்த இடம் என்றே தெரியவில்லை அண்ணா, யாரையும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.’ அதன் பிறகு இரண்டு நாள் தொடர்பே இல்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு செய்தி வந்தது. எல்லோரும் மாடியில் நன்றாக இருக்கிறார்களாம். கறவை தப்பித்து மேட்டில் நின்றிருக்கிறது, ஓட்டி வந்துவிட்டார்களாம். கன்றைத்தான் கிட்டே விடமாட்டேன் என்கிறதாம், உதைக்கிறதாம்.