மலையில் ஆளைக் காணோமா? 24 மணி நேரக் கணக்கு பொய்

"மலையேறப் போனவர் திரும்பவில்லையா? 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகார் வாங்கும். அதுவரை தீயணைப்புத் துறையும் கிளம்பாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு காத்திருப்பு விதியே இல்லை. சினிமா வசனம் எதிலிருந்தோ ஒட்டிக்கொண்டது போல. காணாமல் போனது குழந்தை என்றால் வழக்குப் பதிவே கட்டாயம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எந்தத் துறையைக் கூப்பிடுவது என்ற குழப்பமும் வேண்டாம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112 பொது எண்.

வேலை தானாகப் பிரியும். செல்போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்று கேட்டு வாங்குவது போலீஸ். கயிறு, ஏணி, பெரிய விளக்கோடு பள்ளத்தில் இறங்குவது தீயணைப்பு வீரர்கள். தடம் தெரிந்தவர்கள் வனத்துறையினரும் மலைவாழ் மக்களும்தான். அவர்கள் இல்லாமல் இருட்டில் ஏறுவது வீண்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியபோது, யாரும் மணி பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் முதலில் ஓடினார்கள். இரவே துறையினரும் ஏறினார்கள். காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன.

போன் செய்யும்போது கடைசியாகப் பேசிய நேரம், ஏறிய வழி, சட்டை நிறம், போனில் இருந்த சார்ஜ் இவற்றைச் சொல்லுங்கள்.