இந்த ஒற்றைக்கால் ஸ்டாண்டைக் கண்டுபிடித்தவனைக் கூப்பிடுங்கள்

இன்றைக்கும் சைக்கிள் சாய்ந்துவிட்டது. அரிசி மூட்டை, கோழித் தீவனம், எண்ணெய்ப் பொட்டலம் எல்லாவற்றோடும், கடைத்தெருவில், ஊரே பார்க்க. மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். பேரை மாற்றினவர்கள் கடை வாசலில் ஒரு சைக்கிள் நிற்கச் சமமான தரை போட்டார்களா?

எப்படி விழுந்தது என்று கேளுங்கள். கேரியரில் 10 கிலோ அரிசி, அதன்மேல் தீவனம், ரப்பர் கயிற்றால் அசையாமல் இறுக்கிக் கட்டியாயிற்று. எண்ணெய் முன்கூடையில். ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கையை எடுக்காமல் பிடித்தபடியே பார்த்தேன். நின்றது. கையை எடுத்தேன். அப்போதும் நின்றது. சரி, வெங்காயம் மட்டும்தானே பாக்கி என்று கடைக்குள் ஒரு கால் வைத்தேன். கூடையின் பாரத்தில் ஹேண்டில் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. முன்சக்கரம் திரும்பியதும் வண்டி சாக்கடைச் சரிவில் ஒரு சாண் முன்னால் உருண்டது. உருண்டதும் ஸ்டாண்டு தானாகப் பின்னால் மடங்கிக்கொண்டது. பாய்ந்து போய் சீட்டைப் பிடித்தேன். அந்தப் பாரத்தைச் சீட்டைப் பிடித்தா நிறுத்த முடியும்? தீவன மூட்டை சாக்கடை விளிம்பில் இடித்துக் கிழிந்தது, பொட்டலம் வெடித்தது, எண்ணெயும் தீவனமும் கலந்து வாசல் முழுக்க வழிந்தது.

சாலையோரச் சாப்பாட்டுக் கடையான ஒட்டுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருந்த ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறார், "இவ்வளவு பாரம் ஏத்தியிருக்கக் கூடாதுண்ணே." பாரம் ஏற்றாமல் இருக்க எனக்கு எதற்குக் கேரியர்? எதற்குக் கூடை? வந்து ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டிருக்கலாம், இல்லையா?

வாங்கும்போதே சைக்கிள் கடையில் கேட்டேன், ரெட்டைக்கால் ஸ்டாண்டு போட்டுக் கொடுங்கள் என்று. "இப்பல்லாம் அத யாருங்க கேக்குறாங்க? இது அலுமினியம், லேசா இருக்கும்" என்றார். லேசான ஸ்டாண்டை வைத்து நான் என்ன செய்ய? ஒற்றைக்கால் ஸ்டாண்டு வண்டியைச் சாய்த்து நிறுத்துகிறது. வெறும் வண்டிக்கு அது போதும். கேரியரில், சக்கரத்துக்கும் மேலே, பாரத்தை வைத்தால் அந்தச் சாய்வே வண்டியைக் கீழே இழுக்கும். மழை பெய்த செம்மண்ணில் அந்த ஒற்றைக் கால் புதைந்தே போகும். பலகைத் துண்டு வை என்கிறார்கள், பிரேக்கை டியூப் கிழிசலால் இழுத்துக் கட்டு என்கிறார்கள். அரைக் கிலோ வெங்காயம் வாங்க ஒவ்வொரு வாசலிலும் கட்டி அவிழ்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் சைக்கிளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும், பாரம் தாழ்வாக, சமமாக இருக்கும். பின்சக்கர அச்சிலிருந்து இறங்கும் ரெட்டைக்கால் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், வண்டி நிமிர்ந்து நிற்கும். முன்பக்கம் ஃபோர்க்கையும் பிரேமையும் இணைத்து ஒரு ஸ்பிரிங் மாட்டினால் ஹேண்டிலும் இஷ்டத்துக்குத் திரும்பாது. இரும்பில் ரெண்டு காலும் ஒரு ஸ்பிரிங்கும், அவ்வளவுதான் விஷயம். அதைப் போடாமல் கேரியரையும் கூடையையும் மட்டும் மாட்டி, "சாமான் ஏத்தலாம்" என்று சொல்லி விற்பது பச்சை ஏமாற்று வேலை. பாரம் ஏற்றுகிற வண்டி என்று விற்றால் பாரத்தோடு நிற்க வேண்டும். நிற்காத வண்டிக்கு நான் ஏன் முழுக் காசு கொடுத்தேன்?

வாசலைக் கூட்டிக் கழுவிவிட்டு, போன எண்ணெய்க்குப் பதில் வேறு வாங்கலாம் என்று உள்ளே போனால் "முடிஞ்சிருச்சு" என்கிறார்கள். மானிய விலையில் 1 கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்கு விற்கிற அதே பொட்டலம். குடும்பங்களுக்கென்று அரசாங்கம் மானியம் கொடுக்கிற எண்ணெய் அது, கடைக்காரர்கள் பலகாரம் சுட அல்ல. அப்புறம் எப்படி ஒட்டுக்கடைகளின் பின்பக்கம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது? வீட்டுக்கு என்று நாங்கள் கேட்கும்போது மட்டும் எப்படித் தீர்ந்துபோகிறது?